பொங்காத மாவு

ஐயம்பெருமாள் அண்ணாச்சி மாவு தேர்ந்தெடுத்ததை நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர்: விற்க வந்த ஏஜெண்ட் செந்தில்முருகன், ஃபோர்மேன் குமரவேல், மாவு ரூமில் வேலை பார்த்த சுடலையாண்டி. அண்ணாச்சி சட்டைக் கையை மடக்கிவிட்டார். இடது முன்கையை மேசைமேல் நீட்டினார். மூன்று பொட்டலத்திலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரல் அகலத்தில் மூன்று பட்டை போட்டு, ஃபேனுக்கு அடியில் காயவிட்டார். தினமும் காலையில் குளித்ததும் திருநீறு பூசுகிற கை. ஒரு பட்டைகூடக் கோணவில்லை.

பேட்டையில் அண்ணாச்சி நடத்தியது சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பட்டி கம்பெனி. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவரின் மேடுபள்ளத்தை நிரவுகிற பூச்சுதான் பட்டி. அதில் வெள்ளைச் சிமெண்ட் கொஞ்சம், பசை கொஞ்சம், மீதியெல்லாம் கல்லை அரைத்த மாவு. மாவு எப்படியோ பட்டி அப்படி. அதுவரை சுண்ணாம்புக்கல் மாவுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் புதுவீடு கட்டியவர்களிடமிருந்து புகார் வர ஆரம்பித்திருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு வந்து சுவரில் சாய்ந்தவர்களெல்லாம் முதுகில் வெள்ளையோடு பந்திக்குப் போயிருக்கிறார்கள்.

பட்டைகள் காய்ந்ததும் அண்ணாச்சி கட்டைவிரலால் தேய்த்தார். முதல் பட்டை பழைய மாவு. உதிர்ந்தது. இரண்டாவது மாக்கல் மாவு. வழுவழுப்புக்குக் குறைவில்லை, ஆனால் நிறம் மங்கல். மூன்றாவது அப்படியே நின்றது. பாலில் குழைத்தது மாதிரி வெள்ளை.

"இது என்ன கல்லுவே?"

"வெங்கச்சங்கல்லு அண்ணாச்சி. சின்னப்பிள்ளையில இருட்டுல உரசித் தீப்பொறி வர வைப்போம்லா, அதே கல்லு. நானூறு மெஷ்ல சலிச்சது. பவுடரு தோத்துரும்."

"மூஞ்சில பூசிக்கிடலாம் போலருக்கே."

"பூசிக்கிடுங்க. யாரு கேக்கா?"

"ஏலே சுடலை, நீ என்ன சொல்லுத?"

சுடலையாண்டியிடம் கருத்துக் கேட்பது அண்ணாச்சியின் பெருந்தன்மை. முடிவு முன்கையில் ஏற்கெனவே காய்ந்துவிட்டிருந்தது.

"வெள்ளையாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான் சுடலையாண்டி.

அந்த ஆனி மாதம் புதுமாவு லாரியில் வந்து இறங்கியது.

மாவு ரூம் என்பது கட்டடத்தின் மேலக் கோடியில் ஒரு அறை. ஜன்னல் இரண்டு உண்டு. மேலக்காற்று வீசுகிற மாதங்களில் மாவு பறந்து நஷ்டமாகிவிடுகிறது என்று சாக்கை மடித்து இரண்டையும் அடைத்திருந்தார்கள். காற்று நின்ற பிறகு சாக்கை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சுடலையாண்டியின் வேலை, மூட்டை வாயைப் பிரித்து, தோளில் தூக்கி, கலக்குகிற இயந்திரத்தின் வாயில் கொட்டுவது. பழைய மாவு பொத்தென்று விழும். புதுமாவு விழவே விழாது. பாதி இயந்திரத்துக்குள் இறங்கினால் பாதி மேலே எழும்பி, டியூப்லைட்டைச் சுற்றிப் பனி மாதிரி நிற்கும். மத்தியானம் அவன் வெளியே வந்தால் புருவம் நரைத்திருக்கும். "தாத்தா வாராரு, வழிவிடுங்க" என்று பாக்கெட் ஒட்டுகிற பொன்செல்வி கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும்.

பாதுகாப்பு ஏற்பாட்டில் அண்ணாச்சி குறை வைத்தவரில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு நாட்டுவாழைப்பழமும் ஒரு சில்லுக் கருப்பட்டியும் கொடுத்துவிடுவார். நெஞ்சில் இருக்கிற தூசியைப் பழம் வழித்துக்கொண்டு இறங்கிவிடும் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வேறு வேறு வழி என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஆயுதபூசை வந்தது.

கம்பெனிக் காம்பவுண்டு மூலையில் சங்கிலிபூதத்தாருக்கு ஒரு பீடம் உண்டு. பூசையன்று அங்கே படைத்துவிட்டு, எல்லாருமாக மாவு ரூம் வாசலுக்கு வருவார்கள். வாசற்படியில் மாவைக் குவித்து, எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கிக் குங்குமம் தடவி, மாவுமேல் பிழிவார்கள். மாவு புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கும். அதுதான் பூதத்தார் உத்தரவு. பொங்கியதும் பெண்கள் குலவை போடுவார்கள், அண்ணாச்சி சுவிட்சைத் தட்டுவார், இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து நடக்கிற வழக்கம் இது. பிழிகிறவன் மாவு ரூம் ஆள். அதாவது சுடலையாண்டி.

அந்த வருசமும் பிழிந்தான். மாவு நனைந்தது. அவ்வளவுதான்.

இன்னொரு பழம் கொடுத்தார்கள். அதையும் பிழிந்தான். குலவைக்காக நாக்கைத் தூக்கிய பெண்கள் அப்படியே நின்றார்கள். மூன்றாவது பழத்தைக் குமரவேல் பிடுங்கி, தன் கைராசியைச் சோதித்துப் பார்த்தான். சாறு மாவின்மேல் ஓடி, படியிறங்கி, அண்ணாச்சியின் கால் பெருவிரலை நனைத்தது.

"ஏலே, வீட்டுல என்னத்தடா தின்னுட்டு வந்த?" என்றான் குமரவேல்.

சுடலையாண்டி யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "ராத்திரி நெத்திலிக் கருவாடு."

"பூசைக்கு மொத நாளா? வெளங்குமாலே? சவத்து மூதி!"

"வெறும் புளித்தண்ணிக்கு ரெண்டே ரெண்டு…"

"ரெண்டு போதும்லா, கெடுக்கதுக்கு."

அங்கே நின்ற எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு கருவாடு வெந்திருக்கும். கேட்கப்பட்டவன் அவன் ஒருவன்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பரிகாரமாகப் பூதத்தாருக்குச் சேவல் அறுத்தார்கள். சைவரான அண்ணாச்சி சேவலுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, அறுக்கிற நேரத்துக்கு நெல்லையப்பர் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுவருசம் பழம் பிழிவதையே நிறுத்தி, பூசணிக்காய் உடைத்தார்கள். பூசணிக்காய் யாரையும் ஏமாற்றுவதில்லை. போட்டால் உடைகிறது.

மாவை மாற்றலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பட்டி உதிரவில்லை, ஆர்டர் வந்துகொண்டிருந்தது.

பூசணிக்காய் உடைத்த வருசத்திலேயே சுடலையாண்டிக்கு இருமல் பிடித்துவிட்டது. முதலில் சாரல் இருமல் என்றார்கள். பக்கத்தில் ஒரு டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டிபி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைத் தின்றதில் மூத்திரம் செம்பருத்தி நிறத்தில் போயிற்றே தவிர இருமல் போகவில்லை. மாத்திரை முடிந்தபோது அவன் பாதியாகியிருந்தான். மூட்டை தூக்கின தோள், சட்டை மாட்டுகிற கொடி மாதிரி ஆகிவிட்டது. குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தான்.

அவன் இடத்தில் மாவு ரூமுக்கு ஆள் வேண்டும். ஆறு மாதமாக அவன் பெண்டாட்டி சந்தனமாரி அங்கே மூட்டை பிரித்தாள். மகளை நாங்குநேரியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் இருப்பது இரண்டு வயிறு, அதில் ஒன்றுக்கு மருந்து. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த மூக்குமூடியை அண்ணாச்சி கொடுத்தார். அதைப் போட்டால் மூச்சு முட்டும். கழற்றினால் மாவு முட்டும். அவள் சேலை முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

ஆவணியில் பொன்செல்விதான் சொன்னாள், டவுனில் ஜெமிமா என்று நெஞ்சு டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாள், போய்ப் பார்த்துவிட்டு வா என்று. சந்தனமாரி புருசனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி நெடுநேரம் பார்த்தாள். சுடலையாண்டியைப் பக்கத்து அறையில் ஊதிக் காட்ட அனுப்பிவிட்டு, இவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"கல்லு குவாரியில வேல பாத்தாங்களாம்மா?"

"இல்ல டாக்டரம்மா. பட்டி கம்பெனி. மாவு ரூமு."

"என்ன மாவு?"

"வெள்ள மாவு."

"சளியில ஒரு தடவகூட கிருமி வரல. இது டிபி மாதிரி தெரியல. கல்லுமாவு நெஞ்சுக்குள்ள போயி, தழும்பு தழும்பா கட்டியிருக்கு. சுண்ணாம்புக்கல்லு மாவுன்னா இவ்வளவு தூரம் செய்யாது. வெங்கச்சங்கல்லு மாவா இருந்தாத்தான் இப்படி அரிக்கும்."

"ரெண்டும் ஒரே வெள்ளைல்லா டாக்டரம்மா. எத வச்சுப் பாக்க?"

"அது பெரிய காரியமில்ல. வீட்டுல எலுமிச்சம்பழம் இருந்தா ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. சுண்ணாம்புக்கல்லுன்னா நொரச்சுப் பொங்கும். மத்தது சும்மா கெடக்கும்."

சந்தனமாரி மடியில் இருந்த பையின் காதை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

"சும்மா கெடந்தா?"

"கெடந்தா அந்த ரூமுக்குள்ள ஒரு ஆளு போகக் கூடாது. இப்ப யாரு போறா?"

"நான்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். இவருக்கு இனிக் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், தழும்பு போகாது என்றாள். உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சந்தனமாரி வேலைச் சேலையை வாசலில் உதறினாள். உதிர்ந்ததைக் கூட்டி ஒரு தட்டில் வைத்தாள். இன்னொரு தட்டில் சுண்ணாம்புக்கல்லை அரைத்த கோலமாவு. பழத்தை நறுக்கி இரண்டிலும் பிழிந்தாள். கோலமாவு புசுபுசுவென்று பொங்கியது. சேலையில் இருந்து உதிர்ந்தது கண்ணை மூடிய பிள்ளை மாதிரி கிடந்தது.

"இங்கன பாருங்க" என்றாள். "நீங்க கருவாடு தின்னதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. கல்லு வேற. அன்னைக்கி பூதத்தாரு கோவிக்கல."

சுடலையாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சைச் சேர்த்துக்கொண்டுதான் பேச முடியும்.

"டாக்டரம்மா… பூதத்தாரப் பத்தி என்னத்தக் கண்டா?"

"தட்டப் பாருங்கங்கேன்."

"தட்டு இப்ப பொங்கும்… அன்னைக்கி பொங்கலல்லா. எத்தன வருசம்… என் கையால பொங்கிச்சு. அந்த ஒரு நாளு… நாக்கு கேக்கல எனக்கு. தின்னேன். தண்டிச்சுட்டாரு."

"கோட்டித்தனமா பேசாதிய. ஊரு பூரா கருவாடு திங்கி."

"ஊரு… பழம் பிழியலல்லா."

இருமல் வந்து பேச்சை முடித்தது. அவள் சுக்குத்தண்ணி வைக்க எழுந்து போனாள். அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது இதுதான்: நெஞ்சில் இருக்கிற கல்லைவிட இவருக்கு அந்த இரண்டு நெத்திலி கனமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மாவு ரூமுக்குப் போகாமல் நேரே ஆபீஸுக்குப் போனாள். அண்ணாச்சி சாமி படங்களுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"வா தாயி. சுடலைக்கி எப்பிடி இருக்கு?"

"அண்ணாச்சி, அன்னைக்கி பழம் பொங்காதது கல்லு வேறங்கதனாலயாம். அந்த மாவுதான் அவிய நெஞ்ச அரிச்சிருக்கு."

"யாரு சொன்னா?"

"டவுன்ல ஜெமிமா டாக்டரம்மா."

"வேதக்காரியா?"

"ஆமா, சர்ச்சுக்குப் போறவங்கதான்."

"அதான் பூதத்தாரு இல்லங்குதா" என்றார். ஆனால் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த விதம், அவருக்கே அது போதவில்லை என்று காட்டியது. இடது முன்கையைத் தடவிக்கொண்டார். "பழைய மாவுக்குப் போனா பட்டி உதிருது. ஆர்டர் அம்புட்டும் போயிரும். ஒரு ரூமுக்காகக் கம்பெனிய மூட முடியுமா, நீயே சொல்லு."

"ரூமுக்குள்ள ஆளு இருக்குல்லா அண்ணாச்சி."

"நான் இல்லன்னு சொல்லுதனா? என் வீட்டுச் செவுரும் இதே பட்டிதான். நாங்க நல்லாத்தானே இருக்கோம்?"

"செவுத்துல ஒட்டிக்கிட்டா அது ஒண்ணுஞ் செய்யாது. எங்களுக்குல்லா உள்ள ஒட்டுது."

குமரவேல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அவனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

"பழைய மாவு வரலன்னா, பூசைக்கிப் பெறவு நான் அந்த ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன் அண்ணாச்சி. வாழத்தாரு சொமக்கப் போவேன். சொல்லிட்டேன்."

"அவசரப்படாத. பூசைக்குள்ள பழைய மாவு வந்துரும். போதுமா?"

"சத்தியமா?"

அண்ணாச்சி நெற்றியில் கையை வைத்து எடுத்தார். "நெல்லையப்பர் சாட்சி."

அவர் வாக்குத் தவறவில்லை. பூசைக்கு முதல் நாள் ஒரு குட்டியானை வண்டியில் மூட்டை வந்து இறங்கியது. பழைய கம்பெனியின் பச்சை எழுத்துப் போட்ட சாக்கு. சந்தனமாரி தூரத்திலிருந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொன்செல்வி கேட்டதற்கு, மாவு விழுந்துவிட்டது என்றாள்.

பூசைக்கு சுடலையாண்டியும் வருவேன் என்றான். "பழம் நான்தான் பிழியணும்." ஒரு வாரமாகக் கவுச்சி தொடவில்லை. வெறும் கஞ்சியும் துவையலும். அவள் அவனைக் குளிப்பாட்டி, எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்படத் துவட்டி, வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, ஆட்டோவில் கூட்டிவந்தாள். மாவு ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். படியில் மாவு குவிந்திருந்தது. வானம் மூடிக்கொண்டு, காற்றில்லாமல் எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது.

குமரவேல் நறுக்கிய பழத்தை நீட்டினான். சுடலையாண்டியின் விரலில் பிழிகிற பலம் இல்லை. சந்தனமாரி அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். சாறு விழுந்தது.

மாவு புசுபுசுவென்று பொங்கியது.

இரண்டு வருசமாக அடக்கிவைத்திருந்த குலவை ஒரே மூச்சில் கிளம்பியது. அண்ணாச்சி சுவிட்சைத் தட்டினார். சுடலையாண்டி நுரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதான். அழுவதற்கும் மூச்சு வேண்டும், அது பாதியில் இருமலாகிவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தான்.

"உத்தரவு கெடச்சிட்டு… பாத்தியளா அண்ணாச்சி."

"பாத்தேன்லே, பாத்தேன்" என்றார் அண்ணாச்சி. துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை.

பொரிகடலையும் சுண்டலும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு நாள் விடுமுறை கழித்துச் சந்தனமாரி வேலைக்கு வந்தாள். அன்றைக்குத்தான் முந்தானையை முகத்தில் சுற்றாமல் மாவு ரூமுக்குள் நுழைந்தாள். முன்வரிசையில் ஐந்து மூட்டை, பச்சை எழுத்து. ஒன்றைப் பிரித்துத் தூக்கிக் கொட்டினாள். பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டாவதைக் கொட்டினாள். மூன்றாவதைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது பின்வரிசை கண்ணில் பட்டது. சுவர் வரைக்கும் அடுக்கியிருந்த மூட்டை எதிலும் பச்சை எழுத்து இல்லை.

படியில் பூசைப்பழத்தின் மூடி ஒன்று காய்ந்தும் காயாமலும் கிடந்தது. எடுத்தாள். பின்வரிசை மூட்டையில் ஓட்டை போட்டு, கையில் கொஞ்சம் வாங்கி, அதன்மேல் பிழிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். உள்ளங்கை நனைந்தது.

வாசலில் நிழல் தட்டியது. குமரவேல்.

"ஏ சந்தனமாரி, அந்த முன்வரிசைய ஏன் எடுத்த? மிச்சம் ரெண்டையும் தொடாத. தார்ப்பாய் போட்டு மூடி வைக்கணும்."

"எதுக்கு?"

"அது பூசை மாவுல்லா. அடுத்த வருசத்துக்கு வேணும்." கொஞ்சம் தயங்கினான். அவன் மோசமானவன் இல்லை. "சனங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி சொல்லி வாங்கி வச்சாவ. உன் புருசன் மொகத்தப் பாத்தல்லா அன்னைக்கி? அது போதாதா?"

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். மத்தியானச் சோற்றுவாளியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டினாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்: வாழைத்தார் சுமக்கிற இடத்தில் பொன்செல்வியின் அண்ணன் இருக்கிறான், இன்றைக்கே கேட்டுவிட வேண்டும், இனி அந்த ரூம் இல்லை. இவரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் சுடலையாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். தானாக எழுந்து உட்கார்ந்து மாதக்கணக்காகிவிட்டது. பூசையில் கொடுத்த சுண்டலில் மிச்சத்தைக் கிண்ணத்தில் வைத்து, ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்தான்.

"என்ன அதுக்குள்ள வந்துட்ட?"

"மாவு தீந்துட்டு" என்றாள். அது அவள் சொல்ல நினைத்த வார்த்தை இல்லை.

"புதுசா வந்த மாவு… எப்பிடி இருக்கு?"

அவள் சோற்றுவாளியைக் கீழே வைத்தாள். திறந்தாள். மூடினாள்.

"ராத்திரி நல்லா ஒறங்குனேன் சந்தனமாரி" என்றான் அவன். "ரெண்டு வருசமா… கண்ண மூடுனா அந்தப் படிதான் வரும். பொங்காமக் கெடக்கும். நேத்து ராத்திரி வரல. மன்னிச்சுட்டாரு."

"ம்."

"எனக்கு வந்தது எனக்குள்ளது. அது போவாது… தெரியும். ஆனா உன்னய நெனச்சுத்தான் பயந்து கெடந்தேன். நான் செஞ்ச தப்புக்கு… உன்னயும் பிடிச்சிருவாரோன்னு." மூச்சைச் சேர்த்துக்கொண்டான். முகத்தில் வெளிச்சம் இருந்தது. "இனிப் பயமில்ல. நம்ம கண்ணு முன்னாலல்லா பொங்கிச்சு. நீ தைரியமாப் போ. ஒனக்கு ஒண்ணுஞ் செய்யாது."

சந்தனமாரி அவனையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவன் ஒரு சுண்டலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"பொங்கிச்சுல்லா?"

அவள் அதை வாங்கி வாயில் போட்டு மென்றாள். விழுங்க நேரமாயிற்று.

"பொங்கிச்சு" என்றாள்.

மத்தியானத்துக்குமேல் அவள் கம்பெனிக்குத் திரும்பி வந்தபோது கேட்டில் நின்ற குமரவேல் ஒதுங்கி வழிவிட்டான். அவள் முந்தானையை முகத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கூடவே ஒரு சுற்றுச் சுற்றி, பின்வரிசையில் முதல் மூட்டையைத் தோளில் தூக்கினாள்.